டீக்கடைக் கிளாஸும் என் கால் கட்டைவிரலும்

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் ரயிலோ பஸ்ஸோ எது முதலில் வருகிறதோ அது. என் வகுப்பில் உட்கார்ந்து எழுந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரு விஷயத்தை மட்டும் மறந்திருக்காது. நரம்பு முனை என்பது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை.

புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். மூளையின் உத்தரவு நரம்பு வழியாக மின்சாரமாக ஓடி வருகிறது. தசைக்குப் பக்கத்தில் வந்ததும் நரம்பு முடிந்துவிடுகிறது. நடுவில் கண்ணுக்கே தெரியாத ஓர் இடைவெளி. அதைத் தாண்ட மின்சாரத்தால் ஆகாது. அதனால் நரம்பு முனை சின்னச் சின்னப் பைகளில் ஒரு ரசாயனத்தை நிரப்பித் தயாராக வைத்திருக்கும். உத்தரவு வந்த கணத்தில் ஓரத்தில் நிற்கும் பைகள் சுவரோடு ஒட்டித் திறந்து கொட்டிவிடும். எதிர்ப்பக்கம் தசை அதை வாங்கிக்கொண்டு சுருங்கும். இதை இப்படியே சொன்னால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும். எனக்குத் தூங்குகிற பெஞ்சைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் டீக்கடைக்குப் போவேன். திருச்சி போகிற பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் அஞ்சு நிமிஷம் என்கிறார். கூட்டம் கடை மேல் விழுகிறது. அதற்குப் பிறகு பால் காய்ச்ச ஆரம்பித்தால் பஸ் போய்விடும். மாஸ்டர் முன்னாலேயே சில கிளாஸ்களில் ஊற்றித் தட்டில் நிறுத்தியிருப்பார், அது ஒரே இழுப்பில் போய்விடும். பின்னால் அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள் அடுத்து வரும். அதுவும் தீர்ந்தால்? குடித்துவிட்டுப் பெஞ்சிலும் ஜன்னல் கட்டையிலும் வைத்துவிட்டுப் போன கிளாஸ்களைப் பொறுக்கி, பக்கெட்டில் அலசி, மறுபடி ஊற்ற வேண்டும். நரம்பு முனையும் கொட்டித் தீர்ந்த பையின் தோலைச் சுவரிலிருந்து கிள்ளி உள்ளே இழுத்து, மறுபடி நிரப்பி, வரிசையில் நிறுத்துகிறது. டீ இருந்தால் போதாது, பால் இருந்தால் போதாது, கிளாஸ் திரும்பி வர வேண்டும் என்பேன். வருஷா வருஷம் யாராவது ஒருத்தி எழுந்து, பேப்பர் கப் வைத்தால் ஆகாதா சார் என்று கேட்பாள். நரம்புக்கு அந்த வசதி இல்லை, உட்கார் என்பேன்.

வாயால் இதையெல்லாம் வக்கணையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு அது உடம்பில் புரிந்தது ஒரு கட்டுவிரியன் புண்ணியத்தில்தான்.

அதற்கு முன் என் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கோபம் வரும், ஆனால் அதைவிடப் பெரிய வியாதி வீம்பு. நாலு பேர் சுற்றி நின்று ஒன்றைச் செய் என்றால் எனக்கு அது வராது. வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவன், கல்யாண மேடையில் மைக்கைக் கொடுத்தால் சிலையாகிவிடுவேன். பெண் பார்க்கப் போன அன்று பெண் வீட்டு மாமன்கள் என்னைச் சூழ்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை ஏதாவது பேசட்டுமே, ஏதாவது கேட்கட்டுமே என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு அம்மாள், பையனுக்கு வாய் வருமா என்று என் அண்ணனிடமே கேட்டுவிட்டார். அப்போது உள்ளறைக் கதவுப் பக்கத்திலிருந்து நான் பார்க்கப் போன பெண்ணின் குரல் கேட்டது.

"சுத்தி நின்னுகினு கேட்டா எப்படி வரும். கொஞ்சம் விடுங்க, தானா பேசுவாரு."

விட்டார்கள். எல்லோரும் பின்பக்கம் பலகாரத்துக்கு எழுந்து போனதும் அவளிடம் நான் கேட்டது, இந்தத் தெருவில் கரண்ட் அடிக்கடி போகுமா என்பது. அதைக் கேட்ட பிறகும் என்னைக் கட்டிக்கொண்டவள் அவள்.

பாம்புக்கு வருகிறேன். எங்கள் சொந்த ஊர் திண்டிவனத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. அண்ணன் அங்கே பயிர் வைக்கிறார். வேர்க்கடலையை எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம், அதைப் பிடுங்குகிற சமயத்தில் ஒரு சனி, ஞாயிறு நான் போய் இருப்பது வழக்கம். வேலை செய்வேன் என்று சொல்ல முடியாது. செடியைக் குவித்துப்போட்டு பெண்கள் காய் ஆய்கிற இடத்தில் உட்கார்ந்து, ஆய்ந்த காயில் பாதியைத் தின்றுகொண்டிருப்பேன். அந்த முறையும் பச்சைக்காயாக வயிறு முட்டத் தின்றுவிட்டு, கட்டிலில் புழுங்குகிறது என்று மூட்டைகள் அடுக்கிய கூடத்துத் தரையில் பாயைப் போட்டுப் படுத்தேன். மூட்டை இருந்தால் எலி வரும், எலி இருந்தால் அதைத் தேடிக்கொண்டு ஒன்று வரும். விலங்கியல் வாத்தியாருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தூக்கம் வந்தால் எல்லா வாத்தியாரும் ஒன்றுதான்.

கடித்தது தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் கொசு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. விடிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. கண்ணிமை இரண்டும் கீழே இழுத்தன. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை அதிகம் தின்றால் பித்தம், பித்தத்துக்கு வெல்லம். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, எனக்கும் அன்று இல்லை. அண்ணி ஓர் உருண்டை வெல்லத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, மென்று விழுங்குங்க தம்பி, சரியாயிடும் என்றார். அண்ணன் வாசலில் நின்று, வாத்தியாருக்கு ஓசிக் காய் கண்டால் கணக்கே கிடையாது என்று சிரித்தார்.

மென்றேன். முதல் சில மெல்லுதல் சரியாக இருந்தது. பிறகு தாடை மெதுவானது. பிறகு நின்றுவிட்டது. வெல்லம் வாயில் கரைந்து எச்சிலோடு ஓரத்தில் வழிந்தது, விழுங்க முடியவில்லை. கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு மறுபடி மென்றால் ஒன்றிரண்டு தடவை முடிந்தது, மறுபடி நின்றது. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. இது பித்தம் இல்லை. தட்டில் இருக்கிற கிளாஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது. பாம்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன், குழறியது. அண்ணிதான் என் இமையையும் வாயையும் பார்த்துவிட்டுப் பாயை உதறினார். மூட்டைச் சந்தில் அது இருந்தது.

அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் விஷமுறி மருந்து ஏற்றினார்கள். மூச்சு இளைக்கத் தொடங்கியதும் குழாய் வைத்து ஆம்புலன்ஸில் விழுப்புரம் அனுப்பினார்கள். மயிலம் தாண்டுவதற்குள் எனக்கு நினைவு மங்கிவிட்டது.

அந்த விஷம் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது நரம்பு முனைக்குள் புகுந்து, இருக்கிற பைகளையெல்லாம் கொட்ட வைத்துவிடும். கொட்டிய பை திரும்பி வருகிற வழியையும் கெடுத்துவிடும். கிளாஸ்களை உடைத்து, பக்கெட்டையும் கவிழ்த்துவிட்டுப் போகிற மாதிரி. ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தை மருந்து பிடித்துக்கொள்ளும், உடைந்த கிளாஸை அது ஒட்டாது. நரம்பு முனை தானே புதிதாக முளைத்து, தன் பைகளைத் தானே செய்துகொள்ள வேண்டும். அதுவரைக்கும் மிஷின்தான் மூச்சு விட வேண்டும். ஆள் பிழைப்பான். ஆனால் பார்ப்பதற்குப் பிணம் மாதிரி இருப்பான்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் தூக்க மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது, எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு நாள் காது திறந்தது. காது மட்டும். மிஷின் புஸ் என்று ஊதுவது, தட்டு வண்டி சக்கரம் கிரீச்சிடுவது, தூரத்தில் ரயில் ஊதுவது எல்லாம் கேட்டது. தோலும் வேலை செய்தது. போர்வையின் சொரசொரப்பு, குழாய் உதட்டோரம் அறுப்பது, ஊசி குத்துவது, எதுவும் தப்பவில்லை. இமை திறக்கவில்லை, கை இல்லை, கால் இல்லை, நாக்கு இல்லை. டாக்டர் இமையைத் தூக்கி டார்ச் அடிப்பார். கண் பாப்பா சுருங்காது. விஷத்தின் வேலைதான் அது, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்.

டாக்டர் ஓர் இளம் பெண். அவர் தெளிவாகத்தான் சொன்னார். கட்டுவிரியன் கடித்தால் இப்படித்தான் இருக்கும், மூளைக்கு ஒன்றும் இல்லை, நரம்பு தானாகத் திரும்பும், நாளாகும், பொறுத்திருங்கள் என்று என் தலைமாட்டிலேயே சொன்னார். நான் உள்ளுக்குள் கை தட்டினேன். ஆனால் அண்ணன் நம்பவில்லை. எங்கள் அப்பா இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில், இன்று தேறிவிடுவார், நாளை தேறிவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது போனவர். வெளியில் உயிர் போனவரை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி, வாசலிலேயே கிடத்தி, வாசலிலேயே எடுத்தோம். அந்த வாசலை அண்ணன் இன்னும் தாண்டவில்லை. தம்பிக்கும் அது வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் பயம். பார்வை நேரத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். இது என் தம்பி இல்லை, மிஷின்தான் மூச்சு விடுகிறது என்பார். உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய் வாயில் ஒரு வாய் பால் ஊற்றி, குலசாமி முன்னால் நிம்மதியாகப் போகட்டும் என்பார்.

அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் அழுவது உண்மை என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் குழாயைப் பிடுங்குவது. வாத்தியாராக எனக்குத் தெரியும், மிஷின் இல்லாமல் நான் வாசல்வரைகூடப் போய்ச் சேரமாட்டேன்.

என் மனைவி உள்ளே வந்தால் என்னிடம் சாதாரணமாகப் பேசுவாள். காஸ் தீர்ந்துவிட்டது, டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் போன் மேல் போன் போட்டுப் பேஜாரு பண்ணுகிறார்கள், பரீட்சைக்குள் வாத்தியார் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன், என் பேச்சைக் கெடுத்துவிடாதீர்கள் என்பாள். அவள் ஒருத்திதான் என்னை ஆளாக நினைத்துப் பேசினாள்.

ஒரு நாள் காலையில் என் இடது கால் கட்டைவிரலில் ஓர் ஈ உட்கார்ந்தது. அது நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. தாங்க முடியவில்லை. வழக்கமாக எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், விரலை அசைத்தேன். ஈ பறந்துவிட்டது.

அது பறந்தது என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. என் உத்தரவு ஒன்று தசைவரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் சாட்சி ஈ. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. உடனே மறுபடி அசைத்தேன், லேசாக அசைந்தது. மறுபடி. இல்லை. மறுபடி, மறுபடி. ஒன்றும் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. பிறகு பயத்துக்கு நடுவில் வாத்தியார் எழுந்தார். முட்டாளே, கடை இப்போதுதான் திறந்திருக்கிறது, இருப்பதே ஒன்றிரண்டு கிளாஸ், அதையும் ஊற்றிவிட்டாய், அலசி வரும்வரைக்கும் சும்மா இரு.

சும்மா இருந்தேன். தட்டு வண்டி வந்து போயிற்று. ரயில் ஊதியது. பிறகு ஒரே ஒரு தடவை அசைத்தேன். அசைந்தது. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குப் பிடிபட்டது. நல்லதாக ஒரு அசைவு கிடைக்கும், அடுத்தது பாதி, அதற்கடுத்தது கிடையாது. பிறகு வெகுநேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஒன்று. என் உலகத்தில் இருந்த மொத்தச் சொத்து அதுதான்.

பார்வை நேரத்தில் மனைவி வந்தாள். ஏதோ சொல்லிக்கொண்டே என் பாதத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கை விரல் மேல் பட்டபோது அசைத்தேன். அவள் பேச்சு நின்றது. கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ," என்றாள், ரகசியம் மாதிரி.

அசைத்தேன். கொஞ்சம்தான். அவளுக்கு அது போதும், சிஸ்டரிடம் ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடியது. குழந்தை புதிதாக ஒரு வார்த்தை பேசிவிட்டால், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைச் சொல்லிக் காட்ட வைப்போம் அல்லவா, மாமாவுக்குச் சொல்லு, சித்திக்குச் சொல்லு என்று. அது ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் வந்து, சார், விரலை அசைங்க சார் என்றார். அசையவில்லை. ஒருவேளை சொந்தக் குரலுக்குத்தான் அசைப்பார் என்று அண்ணனை உள்ளே விட்டார்கள். அண்ணன் என் காது கிழிய என்னை அழைத்தார், அசைடா, எனக்காக ஒரு தடவை அசைடா என்று கெஞ்சினார். அண்ணி வந்தார். விழுப்புரத்தில் இருக்கிற என் மச்சான் வந்தார். ஒவ்வொருவர் அழைக்கும்போதும் நான் என் பலம் முழுவதையும் அந்த விரலுக்கு அனுப்பினேன். அனுப்பக் கூடாது என்று தெரியும். ஆனால் அண்ணன் கெஞ்சும்போது எப்படி அனுப்பாமல் இருப்பது. காலி கிளாஸைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

டாக்டர் அப்போது வேறொரு வார்டில் அவசரக் கேஸில் இருந்தார். சிஸ்டர், இருங்க, டாக்டர் வரட்டும் என்றார். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் மனைவியிடம், கழுத்தறுத்த கோழிகூடத் துள்ளும்மா, நீ ஆசையில் பார்த்திருப்பாய் என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முடிவு செய்துவிட்டவரின் குரல் அது. இனிமேலும் அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம், இன்றைக்கே கொண்டுபோய்விடலாம் என்றார்.

அப்போது என் மனைவியின் குரல் கேட்டது.

"சுத்தி நின்னுகினு கேட்டா அவரு செய்ய மாட்டாரு மாமா. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் விடுங்க. தானா செய்வாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டுக்கும் தசை கிடையாது. அடிப் பைத்தியமே, இது வீம்பு இல்லை, கிளாஸ் தீர்ந்துவிட்டது என்று கத்த வேண்டும் போல இருந்தது. காரணம் முழுக்கத் தப்பு. மருந்து முழுக்கச் சரி. எல்லோரும் வெளியே போனார்கள், அவளும் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இப்போது எனக்கு வேண்டியது நேரம். எவ்வளவு நேரம் கொடுப்பார்கள், அவள் திரும்பி வருவாளா, வெளியே எல்லோரும் சேர்ந்து அவளைக் கரைத்துவிடுவார்களா, எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எதையும் செய்யக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று நான் நினைத்ததே இல்லை. விரல் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி என்று மனது அரித்தது. மதிய வெயிலில் ஆட்டோ டயரை உதைத்துப் பார்க்கிற மாதிரி, சும்மா ஒரு உதை. பார்த்தால் செலவாகிவிடும். பார்க்காவிட்டால் பயம் தின்றுவிடும். நான் கடையை நினைத்துக்கொண்டேன். பக்கெட்டில் தண்ணீர் சலசலக்கிறது. ஒரு கிளாஸ் அலசியாயிற்று. கவிழ்த்தாயிற்று. இன்னொன்று.

அப்போது ஈ வந்தது.

அதே ஈயா என்று தெரியாது, எனக்கு அதேதான். அதே விரலில் உட்கார்ந்தது. நகத்தோரமாக நடந்தது. விரல் இடுக்கில் இறங்கியது. உடம்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் கூடி, அசை அசை என்றது. காலையில் கும்பிட்ட ஈயை அப்போது வாய் வராமல் திட்டித் தீர்த்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது கேட்கிற வசவு ஒன்று பாக்கியில்லை. ஆனால் அசைக்கவில்லை. அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டு, எப்போது தோன்றியதோ அப்போது போயிற்று.

கதவு திறந்தது. இரண்டு பேர் காலடி. மனைவி என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன் கையை எடுத்து என் பாதத்தின் மேல் வைத்தாள் என்பது அந்தக் கையின் காய்ப்பிலேயே தெரிந்தது. மண்வெட்டி பிடித்த கை.

"பேசாதீங்க மாமா. சும்மா பிடிச்சிக்கினு இருங்க."

அண்ணன் கை நடுங்கியது. நான் அவசரப்படவில்லை. கை நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன், இல்லாவிட்டால் தன் நடுக்கம் என்று நினைத்துக்கொள்வார். நின்றது. இருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே அசைவாகக் கொடுத்தேன். இந்த முறை ஒன்று இல்லை, இரண்டு வந்தது.

"டேய்," என்றார் அண்ணன். என் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டார், தாடி குத்தியது, ஈரமாக இருந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நான்தான் சொன்னேனே என்றார், அவரும் சந்தோஷமாகத்தான் சொன்னார். விரல், பிறகு பாதம், பிறகு இமை. ஒரு நாள் மிஷினைக் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்தார்கள், பிறகு இன்னும் கொஞ்ச நேரம், பிறகு எடுத்தே விட்டார்கள். முதல் கவளம் சோற்றை மெல்லும்போது தாடை களைத்துப்போய் நிற்கும், நான் காத்திருப்பேன், அண்ணி வெல்லம் எடுத்து வரட்டுமா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். அண்ணன் வீட்டுக் கூடத்தில் இப்போது மூட்டை கிடையாது, தனியாக ஒரு கொட்டகை போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் போனால் கட்டிலை எடுத்துப் போட்டு, அதன் கால்களைத் தானே ஒருமுறை உதைத்துப் பார்ப்பார்.

பள்ளிக்குத் திரும்பினேன். நரம்பு மண்டலம் பாடம் வந்தபோது டீக்கடையைச் சொல்லிவிட்டு, அதோடு புதிதாக ஒன்றும் சேர்த்தேன். மாஸ்டர் சும்மா நிற்கிறார் என்று நினைக்காதீர்கள், பின்னால் கிளாஸ் கழுவுகிறார்கள் என்றேன். கேள்வி கேட்டால் உடனே பதில் வராத பிள்ளைகளை நான் முன்னெல்லாம் வறுத்தெடுப்பேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சில சமயம் பதில் வருகிறது. வராத சமயம் கோபம் வரத்தான் செய்கிறது, அது ஒன்றும் மாறவில்லை.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மனைவி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் அந்தக் கதையை மறுபடி எடுத்தேன். எனக்கு அதைச் சொல்வதில் ஒரு குஷி உண்டு. நீ வீம்பு என்று நினைத்தாய், அது வீம்பே இல்லை, பைகள் நிரம்ப நேரம் வேண்டியிருந்தது, குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டாய் என்று டீக்கடை, கிளாஸ், பக்கெட் எல்லாவற்றோடும் விளக்கினேன். ஈயையும் சொன்னேன். அவள் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டாள். பேச்சுவாக்கில், அந்த நேரத்தில் வெளியே நீங்களெல்லாம் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லை.

"வண்டி வந்து கீழ நின்னுகினு இருந்துச்சு," என்றாள், பீன்ஸைப் பார்த்துக்கொண்டே. "மாமா போன் பண்ணிட்டாரு. ஒரு தடவ பாக்கலாம் மாமா, ஒரே தடவ, அதுல அசையலன்னா எடுத்துகினு போயிடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கால் கட்டைவிரல் சில்லென்று ஆனது. அந்த ஈயை நான் விரட்டியிருந்தால், சும்மா ஒரு தடவை சோதித்துப் பார்த்திருந்தால், அண்ணன் கை வந்தபோது தட்டு காலியாக இருந்திருக்கும். இத்தனை நாளும் நான் என் சாமர்த்தியத்தால் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே வண்டி நின்றது எனக்குத் தெரியவே தெரியாது.

"ஏன் அப்படி ஒத்துக்கினே?" என்றேன். "நான் செய்வேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கை நின்றுவிட்டது. கத்தி பலகை மேல் அப்படியே இருந்தது. மறுபடி கேட்க நாக்கு துடித்தது. நான் கேட்கவில்லை. பீன்ஸ் தட்டை என் பக்கம் இழுத்து, நாரை உரிக்க ஆரம்பித்தேன். தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அடுப்பில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"தெரியாதுங்க," என்றாள் கடைசியில். "வீம்புன்னு நான் நெனைக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னுதான் நெனைச்சேன். அவங்க கிட்ட இன்னும் கொஞ்ச நேரம் வாங்கறதுக்கு எனக்கு வேற எதுவும் சொல்ல வரல."